கீழ்ப் போரில் காணாமல் போனவர்

ஜூலை 22, செவ்வாய்

காலை 9.10 வரை உறுதியானது: சண்டை நடக்கும் கடல் ஒன்றில், சிமெண்ட் ஏற்றிச் சென்ற சரக்குக் கப்பலை ட்ரோன் தாக்கியிருக்கிறது. கப்பல் மூழ்கவில்லை. ஊழியர் மூவரைக் காணவில்லை. ஆதாரம்: செய்தி முகமை. முகமைக்கு ஆதாரம் ஒரு தரப்பின் கடற்படை. மறுதரப்போ ட்ரோனும் தங்களுடையது இல்லை, கடலும் தங்களுடையது இல்லை என்கிறது.

எங்கள் மாலைப் பத்திரிகையில் உலகம் ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது. அதில் இப்போது மூன்று போர்கள். நாடுகளின் பெயரைச் சொல்லி வேலை செய்தால் பக்கம் முடியாது. அதனால் பக்கத்தில் விழும் இடத்தை வைத்து மேல் போர், நடுப் போர், கீழ்ப் போர் என்கிறோம். மேல் போரில் பெரிய நாடுகள், படம் வரும். நடுப் போரில் குழந்தைகள் அதிகம் சாகிறார்கள்; வாசகர் கடிதம் வரும். கீழ்ப் போரை யார் யாரோடு நடத்துகிறார்கள் என்பதை இரண்டு வருடமாக எழுதி வருகிறேன். கேட்டால் சொல்லத் தெரியாது. விளம்பரம் வந்தால் கீழ்ப் போர் நிற்கும். பக்கத்தில் மட்டும்.

இன்று மேல் போரில் 41 பேர், நடுப் போரில் 63, கீழ்ப் போரில் 9, கூடக் காணாமல் போன மூவர். பத்தே முக்காலுக்கு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி விளம்பரம் வந்தது. கால் பக்கம்.

“அண்ணாச்சி, கீழ்ப் போரை எடுத்துரட்டா?” என்றாள் பக்கம் வடிவமைக்கும் சந்தனமாரி.

“எடுத்துரு.”

“கப்பல் சேதி நாலு வரிதான். ஓரமா நிக்கும்.”

“நாளைக்குப் பாத்துக்கிடலாம். கப்பல் எங்க போயிரப் போவுது?”

மாலையில் ரத்த அழுத்த மாத்திரை வாங்கினேன். குழாயில் தண்ணீர் வந்தது.

ஜூலை 23, புதன்

போஸ்டர்: “மூன்றாம் உலகப் போர் வெடிக்குமா?” இந்த ஆண்டில் பதினோராவது முறை. கடை வாசலில் கம்பியில் தொங்கும் இந்தத் தாளை எழுதுவது முப்பத்தொரு வருடமாக என் வேலை. ஆறு சொல்லுக்கு மேல் கூடாது. பேருந்தில் போகிறவன் படித்து முடிக்க வேண்டும். எண்ணோ வியப்போ இல்லாத போஸ்டரை ஆசிரியர் துரைசிங்கம் ஏற்பதில்லை.

அரசுத் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றிலிருந்து கடிதம். நடக்கும் போர்களின் தொடங்கிய தேதி, இறந்தோர் எண்ணிக்கை இரண்டையும் ஒரே பெட்டியில் வெளியிட்டால் மாணவர்கள் மனப்பாடம் செய்ய வசதியாக இருக்குமாம். எண்ணிக்கை தினமும் மாறுவதால் மாணவர்கள் குழம்புகிறார்கள் என்றும் வருத்தப்பட்டிருந்தார்கள்.

கப்பல் பற்றிப் புதிய தகவல் இல்லை. நேற்றைய செய்தியை இன்று போட முடியாது.

ஜூலை 24, வியாழன்

கண் சிகிச்சை முகாம் விளம்பரம். கீழ்ப் போர் நின்றது.

ஜூலை 25, வெள்ளி

உறுதியானது: காணாமல் போன மூவரில் ஒருவர் தூத்துக்குடிக்காரர். பெர்க்மான்ஸ் கொரைரா, வயது 34, கப்பலில் சமையல்காரர். ஆதாரம்: கப்பலுக்கு ஆள் அனுப்பும் நிறுவனத்தின் உள்ளூர் முகவர். தன் பெயரைப் போடக் கூடாது என்றார். கப்பலின் கொடி ஒரு நாட்டுடையது, முதலாளி வேறு நாடு, சிமெண்ட் மூன்றாவது நாட்டுடையது. யாரிடம் விளக்கம் கேட்பது என்றேன். “அதுக்குத்தான் அண்ணாச்சி அப்படி வச்சிருக்காங்க” என்றார்.

ஆசிரியர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “பாத்தீரா வெயிலுமுத்து! உலகப் போர் நம்ம ஊருக்கு வந்துட்டு. ஒண்ணாம் பக்கம். போய் போட்டோ வாங்கிட்டு வாரும்.”

போட்டோ வாங்குவது எங்கள் தொழிலில் தனி வேலை. விபத்தோ கொலையோ, இறந்தவர் வீட்டில் மற்றவர்கள் அழுதுகொண்டிருக்கும்போது, அழாமல் நிற்கும் ஒருவரைக் கண்டுபிடித்து ஆல்பத்தை எடுக்கச் சொல்ல வேண்டும். நான் இதுவரை வெறுங்கையோடு திரும்பியதில்லை. போட்டோ இல்லாத சாவை ஒன்றாம் பக்கத்தில் வைப்பதில்லை என்பது ஆசிரியரின் விதி.

கடற்கரைச் சாலைக்குப் பின்னால் சிறிய ஓட்டு வீடு. மனைவி பெயர் ஜெனோவா. வேறு கப்பலில் வேலை செய்யும் மைத்துனர் நேற்று வாட்ஸ்அப்பில் சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. மகள் மிலானிக்கு நான்கு வயது. வாசலில் செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். கூடத்துச் சுவரில், மாதா படத்துக்கு அருகே, ஒரு சட்டம் அளவுக்குச் சுண்ணாம்பு மட்டும் புதிதாக இருந்தது.

“அங்க ஒரு படம் இருந்துச்சுபோல.”

“கல்யாண போட்டோ. நீங்க வாரீயன்னு தெருவுல சொன்னாவ. கழட்டி பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன்.”

“சின்ன பாஸ்போர்ட் சைஸ் இருந்தாக்கூடப் போதும்மா.”

“அண்ணாச்சி, இந்தத் தெருவுல நீங்க மூணு வீட்டுல போட்டோ வாங்கியிருக்கீய. புயல்ல போன அந்தோணி வீட்டுல, லாரி ஏறின பிள்ளை வீட்டுல, எதுத்த வீட்டுத் தாத்தா வீட்டுல. போட்டோவுல இருந்த ஆளுவ ஒருத்தரும் திரும்பி வரல.”

“அவங்கல்லாம் முதல்லயே இறந்தவங்கம்மா.”

“இவிய இன்னும் சாவலேல்லா? அப்ப எதுக்குப் போட்டோ?”

பதில் சொல்லும் கட்டாயம் நிருபருக்கு இல்லை. காப்பி கொடுத்தார். குடித்தேன். சர்க்கரை அதிகம்.

ஜூலை 26, சனி

விடுப்பு. மாதா கோயில் திருவிழாக் கொடியேற்றம். பேருந்துகள் சுற்றிப் போகின்றன. காலை 8.20க்கு முகவர் கப்பல் ஊழியர் பட்டியலை என் மின்னஞ்சலுக்கு அனுப்பினார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே படம். பெர்க்மான்ஸ் படமும் இருக்கிறது. தெளிவு போதாது. அச்சுக்கு உதவாது. அலுவலகத்துக்கு அனுப்பவில்லை.

ஜூலை 28, திங்கள்

நான் இல்லாத சனிக்கிழமை நடந்தது இது. ஆதாரம்: சந்தனமாரி.

வட்டச் செயலாளர் கணபதிராஜ் கொடியேற்றக் கூட்டம் வரும் வழியில் பிளக்ஸ் வைத்துவிட்டார். “போரில் உயிர்நீத்த எங்கள் மண்ணின் மைந்தன் பெர்க்மான்ஸ் அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி.” வலது பாதி முழுக்கக் கணபதிராஜ் கைகூப்பி நிற்கிறார். இடது மூலையில், வட்டத்துக்குள், மீசை வைத்த ஓர் ஆள். எங்கள் அலுவலகத்தில் போட்டோ இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர்கள் பிளக்ஸிலிருந்து அந்த வட்டத்தைப் படம் எடுத்து ஒன்றாம் பக்கத்தில் போட்டுவிட்டார்கள்.

இன்று காலை 9.40க்கு அந்த மீசை அலுவலகத்துக்குள் நடந்து வந்தது. மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் பிளாண்டில் வேலை செய்யும் இன்னொரு பெர்க்மான்ஸ். கூட அவருடைய மச்சான்.

“யாரு இங்க ஆசிரியர்? நான் செத்துட்டேன்னு போட்டது யாரு?”

ஆசிரியர் என்னைக் காட்டினார்.

“அண்ணாச்சி, சனிக்கிழமையிலேருந்து வீட்டுக்குப் பதினேழு மாலை வந்திருக்கு. பந்தல்காரன் வந்து வாசல்ல குழி தோண்டிட்டான். நான் கப்பலையே கரையில நின்னுதான் பாத்திருக்கேன்.”

“பிளாண்டுல நாலு பேரு லீவு போட்டுட்டு இவரு அடக்கத்துக்கு வந்துட்டானுவ,” என்றார் மச்சான். “இவரே போய்க் கதவத் தொறந்தாரு. ஒருத்தன் மயங்கிட்டான்.”

கணபதிராஜைத் தொலைபேசியில் பிடித்தேன். படம் எங்கே கிடைத்தது?

“ஃபேஸ்புக்ல பேரப் போட்டேன் அண்ணாச்சி. மொதல்ல வந்தவரு இவருதான்.”

“விசாரிச்சிருக்கலாமே.”

“நான் விசாரிச்சு முடிக்கிறதுக்குள்ள எதிர்க்கட்சிக்காரன் பிளக்ஸ் வச்சிருவாம்லா? துக்கத்துல முந்திக்கிடணும்.”

எங்கள் பத்திரிகையில் திருத்தம் வெளியிடும் வழக்கம் இல்லை. தவறு நடந்தால் அதிலிருந்து புதுச் செய்தி எடுப்போம். ஆசிரியர் அந்த மனிதரை மாலையோடு நிற்கவைத்துப் படம் எடுக்கச் சொன்னார். மாலைகள் அவர் வீட்டிலேயே இருந்ததால் மச்சான் போய் எடுத்துவந்தார். போஸ்டருக்கு நான் முதலில் எழுதியது: “இறந்ததாகக் கூறப்பட்ட ஐஸ் பிளாண்ட் ஊழியர் பெர்க்மான்ஸ் உயிருடன் உள்ளார்.” எட்டுச் சொல். ஆறாகக் குறைக்க வேண்டும். குறைத்தேன்.

போஸ்டர்: “போரில் இறந்த பெர்க்மான்ஸ் உயிருடன் வந்தார்!”

ஐந்து சொல். பன்னிரண்டே காலுக்கு அச்சுக்குப் போனது.

ஜூலை 29, செவ்வாய்

நேற்று நடந்ததன் இரண்டாவது பகுதியை எழுத முடியவில்லை. மின்வெட்டு.

போஸ்டர் கடைகளுக்குப் போனது ஒன்றேகாலுக்கு. இரண்டு மணிக்கு ஜெனோவா அலுவலகப் படியேறி வந்தார். கையில் கம்பியிலிருந்து கிழித்த போஸ்டர். இடுப்பில் மிலானி. குழந்தைக்கு ஒரு காலில்தான் செருப்பு.

“எங்க அண்ணாச்சி? எங்க உக்கார வச்சிருக்கீய அவியள?”

ஆசிரியர் கழிப்பறைக்குப் போனார். சந்தனமாரி எழுந்து வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, ஜெனோவாவை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். ஒன்றாம் பக்கத்தை எடுத்து நான் அவர் முன்னால் வைத்தேன். மாலை போட்டு நிற்கும் மீசைக்காரரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சனிக்கிழமையும் இந்த மூஞ்சியத்தான் போட்டிருந்தீய. யாரு இவரு?”

“ஐஸ் பிளாண்டுல வேலை பாக்கிறவரு. பேரு ஒண்ணு.”

“ஐஸ் பிளாண்டுன்னு ஒரு சொல்லு போட எடமில்லயா இதுல?” போஸ்டரைத் திருப்பிக் காட்டினார். ஐந்து சொற்களுக்குக் கீழே வெள்ளைத்தாள் நிறைய இருந்தது.

ஆறு சொல் விதியைச் சொன்னேன். ஐந்துதான் இருக்கிறது என்று அவர் எண்ணிச் சொன்னார்.

“கப்பல்ல அடி விழுந்தது போன செவ்வாக்கிழமையாம்லா? உங்க பேப்பருதான் எங்க வீட்டுக்கு வருது. செவ்வாக்கிழமை பேப்பர்ல ஒண்ணுமில்லயே அண்ணாச்சி. நான் ஒரு எழுத்து விடாம வாசிப்பேன். அஞ்சாம் பக்கத்துல ஆடித் தள்ளுபடி போட்டிருந்தீய. பிள்ளைக்குப் பாவாடை எடுக்கலாம்னு கிழிச்சு வச்சிருக்கேன்.”

விளம்பரப் பிரிவு என் பொறுப்பில் இல்லை என்றேன். அது உண்மை.

அவர் எழுந்தார். போஸ்டரை நான்காக மடித்து என் மேசையில் வைத்தார். “நல்ல மனுசன்போலத் தெரியுது, இந்த ஐஸ்காரரு. அவரு பொண்டாட்டிக்கு இப்ப எப்பிடி இருக்கும், என்ன?” சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

இந்த மாதத்திலேயே அதிகம் விற்றது நேற்றைய இதழ். ஆதாரம்: விநியோகப் பிரிவு.

ஜூலை 30, புதன்

ஐந்தாம் பக்கத்தில் கீழ்ப் போர் மேலே வந்துவிட்டது. ஆசிரியர் காரணம் கேட்டார். கை தவறிவிட்டது என்றேன்.

ஜூலை 31, வியாழன்

இன்றும் கை தவறியது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

உறுதியானது: அந்தக் கடலின் எதிர்க்கரையில் மீனவர்கள் ஓர் ஆணின் உடலை மீட்டிருக்கிறார்கள். ஆதாரம்: அங்குள்ள துறைமுக மருத்துவமனை மருத்துவர், முகவருக்கு எழுதிய மின்னஞ்சல். முகம் வைத்து அடையாளம் காண முடியாத நிலை. மூவரில் ஒருவராக இருக்கலாம். மூவருமே இல்லாமலும் இருக்கலாம்.

உடலுக்கு உரிமை கோருவதில் அங்கே குழப்பம். ஒரு தரப்பு அது எதிரியின் முக்குளிப்பு வீரர் என்று அறிவித்து, தன் வெற்றிக் கணக்கில் சேர்த்துவிட்டது. மறுதரப்பு அது எதிரியால் கொல்லப்பட்ட அப்பாவி என்று தன் புகார்ப் பட்டியலில் சேர்த்தது. ஆக ஒரே உடல் இரண்டு எண்ணிக்கையில் இருக்கிறது. செய்தி முகமை இரண்டையும் கூட்டி அனுப்பியதில், ஒருவர் இருவராக என் மேசைக்கு வந்து சேர்ந்தார். மருத்துவர் எழுதியது மட்டும் வேறு மாதிரி: “இடது முன்கையில் பழைய எண்ணெய்த் தீக்காயங்கள். சமையல் வேலை செய்தவராக இருக்கலாம்.”

இந்த வரியை ஜெனோவாவிடம் சொல்லவில்லை. எண்ணெய் சமையல்காரர்மேல் மட்டுமா தெறிக்கிறது? எஞ்சின் அறையிலும் எண்ணெய் உண்டு. ஒரு வரியை வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

ஆகஸ்ட் 2, சனி

ஊழியர் பட்டியலை முகவர் ஆசிரியருக்கும் அனுப்பிவிட்டார்.

“என்ன ஓய், ஒரு வாரமா உம்ம மெயில்ல கெடக்குது. தெளிவில்லன்னு ஏஜெண்டுகிட்ட நீரே சொன்னீராம். மீசையில மசிர எண்ணலாம்போல இருக்கு!”

“பத்திரிகைத் தாள்ல வராது.”

ஆசிரியர் சந்தனமாரியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். அவள் படத்தைப் பெரிதாக்கினாள், சிறிதாக்கினாள். பெர்க்மான்ஸ் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். காது கொஞ்சம் பெரிது, மிலானிக்கும் அப்படித்தான்.

“ஆமா சார்,” என்றாள். “புள்ளி புள்ளியா அடிச்சிரும். மூஞ்சியே தெரியாது.”

மதியம் அவள் வாங்கிவந்த பருத்திப்பாலில் எனக்கும் ஒரு டம்ளர் வைத்தாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மரபணு ஒப்பீட்டுக்கு மகளின் மாதிரி எடுத்தார்கள். முகவர் வரவில்லை, கையெழுத்துப் போட ஒரு சாட்சி வேண்டும் என்று ஜெனோவா என்னைக் கூப்பிட்டார். செய்தி சேகரிக்கலாம் என்று போனேன். குறிப்பேட்டை அலுவலகத்திலேயே வைத்துவிட்டேன்.

செவிலியர் பஞ்சுக்குச்சியைக் கன்னத்துக்குள் விட்டதும் மிலானி கடித்துவிட்டாள்.

“வாயத் தொறடா கண்ணு. எச்சியத் தொட்டு அப்பா இருக்கிற ஊருக்கு அனுப்பணும்,” என்றார் செவிலியர்.

“எச்சியயா? சீ! அப்பா திட்டுவாவ.”

ஜெனோவா சிரித்தார். நான் அவர் சிரித்துப் பார்த்தது இதுதான் முதல் தடவை. அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

பஞ்சுக்குச்சி இங்கிருந்து சென்னை, டில்லி, பிறகு மூன்றாவது நாடு வழியாகப் போகும். போரினால் நேர் விமானம் இல்லை. ட்ரோன் கப்பலை அடைய நாற்பது நிமிடம் ஆனதாம். பஞ்சுக்குச்சிக்கு ஏழு நாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா திருவிழா. மேல் போரில் நண்பகல் முதல் போர்நிறுத்தம். போஸ்டர் கடைக்குப் போவதற்குள் இரு தரப்பும் மீறிவிட்டன. முதலில் மீறியது மற்றவர்தான் என்று இரண்டுமே உறுதிப்படுத்தியுள்ளன. தலைவலி. மாத்திரை போட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கணபதிராஜ் அலுவலகத்துக்கு வந்தார். முடிவு எப்போது வரும் என்று விசாரித்தார். இம்முறை தவறு நடக்காதாம். இரண்டு பிளக்ஸ் தயாராக வைத்திருக்கிறார். ஒன்று அஞ்சலி, ஒன்று வரவேற்பு. கைப்பேசியில் காட்டினார். இரண்டிலும் அவர் படம் ஒன்றுதான். வரவேற்பில் மட்டும் பல் தெரிகிறது.

“எது நடந்தாலும் நம்ம தயார் அண்ணாச்சி. போட்டோ மட்டும் குடுங்க.”

தெளிவில்லை என்றேன்.

நடுப் போரில் இன்று 70. கடைசி நான்கு பேரின் பெயர்களை முகமை அனுப்பியிருந்தது, பெயர்களைப் போட்டேன். அதற்கு இடம் வேண்டி ராசிபலனில் மூன்று ராசிகளைக் குறைக்க வேண்டியதாயிற்று. மாலைக்குள் இருபத்திரண்டு தொலைபேசி அழைப்புகள், எல்லாம் ராசிக்காரர்களிடமிருந்து. பெயர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

முகவர் உறுதிப்படுத்தினார்: ஒப்பீடு முடிந்துவிட்டது. முடிவை மருத்துவர் நாளைக் காலை அனுப்புவார், நம் நேரம் ஒன்பதரைக்கு. நாளை சுதந்திர தினம். எங்களுக்கு இதழ் கிடையாது, போஸ்டரும் கிடையாது. ஆசிரியர் இதைக் கேட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். “சனிக்கிழமைக்குள்ள டிவிக்காரன் அள்ளிருவான் ஓய்! அந்த டாக்டர ஒரு நாள் தள்ளி அனுப்பச் சொல்ல முடியாதா?”

சாயங்காலம் ஜெனோவா வீட்டுக்குப் போனேன். ஊழியர் பட்டியலில் இருந்த படம் என்னிடம் இருப்பதைச் சொன்னேன். மருத்துவர் எழுதிய தீக்காய வரியையும் சொன்னேன். கப்பல் செய்தி செவ்வாய்க்கிழமை காலையிலேயே வந்தது, எடுக்கச் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். மூன்றும் சேர்ந்து இரண்டு நிமிடத்துக்குமேல் ஆகவில்லை.

அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“எந்தக் கைன்னு சொன்னீய?”

“இடது.”

“வடச்சட்டியில கை பட்டது.” அரிசியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, “எஞ்சின் ரூம்ல வேல பாக்கிறவங்களுக்கும் காயம் இருக்கும்லா அண்ணாச்சி?”

“இருக்கும்.”

“செவ்வாக்கிழமையே போட்டிருந்தா மட்டும் என்ன ஆயிருக்கும்? ரெண்டு நாளு முன்னாடியே அழுதிருப்பேன்.” முறத்தைக் கீழே வைத்தார். “அதுக்காவ நீங்க செஞ்சது சரின்னு சொல்லல.”

“இல்ல.”

“நாளைக்கு ஃபோன்ல சொல்லாதீய. நீங்களே வாங்க. நல்ல சேதின்னா தெருமுக்குலேயே சத்தம் போட்டுட்டு வாங்க, தெருவே கேக்கட்டும். இல்லன்னா சத்தம் போடாம வாங்க. வாசல்ல நின்னுக்கிட்டு இருப்பேன். நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம்.”

எனக்குச் சத்தம் போட்டுப் பழக்கமில்லை என்றேன்.

“பழகிக்கிடுங்க,” என்றார்.

நிலுவையில் இருப்பது: மரபணு ஒப்பீட்டின் முடிவு. முகவர் அலுவலகத்தில் எதிர்பார்க்கப்படுவது நாளை, வெள்ளிக்கிழமை, காலை 9.30க்கு. அங்கிருந்து அந்தத் தெருமுனைக்கு நடை பன்னிரண்டு நிமிடம். இன்று நடந்து பார்த்துவிட்டேன். ஆக 9.42.